குசினி நிலத்தின் குளிர்: நிலம் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை

எங்கள் அம்மா டென்மார்க்குக்கு ஒரேயொரு தடவைதான் வந்தார். 2006 மார்கழியில் வந்து மூன்று மாதம் எங்களுடன் சில்க்போர்க்கில் இருந்தார். வந்த இரண்டாம் நாளே குசினி நிலத்தில் பலகை போட்டுத் திருவலையில் தேங்காய் திருவ இருந்தார். பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டார். இரண்டு சோடி காலுறை போட்டிருந்தும் கால் விறைத்துப் போனது. "தம்பி, இந்த நிலத்துக்குக் கீழை என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டை வாங்கி அப்போது நான்கு வருடம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டில் முடியும் என்பதெல்லாம் மனப்பாடம். யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்தவன், தொழில் கணக்கு. ஆனால் என் சொந்த வீட்டின் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. 2019 இல் குசினியைத் திருத்துவதற்காக நிலத்தை உடைத்தபோதுதான் விடை கிடைத்தது. 8 செ.மீ. கொங்கிரீட். அதற்குக் கீழே கையளவு தடிப்பில் உலைக் கசடு. அதற்குக் கீழே ஈரமான மணல். வேறொன்றும் இல்லை. விடையைச் சொல்ல அப்போது அம்மா இல்லை.

எம்மவரில் பலர் இப்போது 1960களிலும் 70களிலும் கட்டிய தனி வீடுகளில் வசிக்கிறார்கள். அந்த வீடுகளின் குசினிகள் மாற்றப்படும் வயதுக்கு வந்துவிட்டன. புதுக் குசினிக்குப் பெருந்தொகை செலவழிப்பவர்கள் அதன் கீழே உள்ள நிலத்தைப் பற்றி யோசிப்பதில்லை. நானும் முதலில் யோசிக்கவில்லை. நான் படித்ததையும் பட்டதையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

நிலம் ஏன் குளிர்கிறது?

டென்மார்க்கில் 1960 முதல் 1980 வரையான இருபது ஆண்டுகளில் பல லட்சம் தனி வீடுகள் கட்டப்பட்டன. டெனிஷ்காரர் இவற்றைப் பார்சல்ஹூஸ் என்பார்கள். எண்ணெய் மலிவாக இருந்த காலம் அது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போடும் அளவுக்கு நாடு திணறியது. அதன் பிறகே கட்டட விதிகள் இறுகின. 1977 ஆம் ஆண்டு விதிகள் 1979 இல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே உங்கள் வீடு அதற்கு முந்தியதென்றால், நிலத்தின் கீழ் வெப்பக்காப்பு இல்லை அல்லது மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டு ஆவணங்களில் பழைய வரைபடம் இருந்தால் அதில் நிலத்தின் குறுக்குவெட்டு இருக்கும். இல்லாவிட்டால் கொமூனவின் கட்டட ஆவணக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள்.

மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கொங்கிரீட் நிலத்துக்கு டெனிஷில் டெறாங்டெக் என்று பெயர். மண்ணின் வெப்பநிலை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலைக்குக் கிட்ட இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 28 பாகை. அதனால்தான் வெளியே 33 பாகை வெயில் எரிக்கும்போது, சிவப்புச் சாயம் போட்ட சீமெந்து நிலத்தில் பாயில்லாமல் படுத்தால் உடம்பு குளிர்ந்தது. நிலம் எங்கள் சூட்டை வாங்கி மண்ணுக்குக் கொடுத்தது. இங்கே வீட்டுக்குள் 20 பாகை, கீழே மண் 8 முதல் 10 பாகை. நிலம் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊரில் அதற்கு நன்றி சொன்னோம், இங்கே அதற்கு வெப்பக் கட்டணம் கட்டுகிறோம்.

ஆனால் ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காப்பில்லாத நிலத்திலும் அறையின் நடுப்பகுதி அறைக் காற்றை விட ஒரு பாகை மட்டுமே குளிராக இருக்கும். பிறகு ஏன் இவ்வளவு விறைப்பு? இரண்டு காரணங்கள்.

ஒன்று, ரைல்ஸ் கல்லும் கொங்கிரீட்டும் காலின் சூட்டை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் இருக்கும் பலகையும் கோர்க்கும் அப்படி இழுப்பதில்லை. டெனிஷ்காரர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடப்பதால் இதை அவ்வளவாக உணர்வதில்லை. நாங்கள் வெறுங்காலுடன் நடப்பவர்கள், குசினியில் மணிக்கணக்காக நிற்பவர்கள்.

இரண்டு, வெளிச்சுவர் ஓரம். அங்கே நிலத்தின் கொங்கிரீட்டும் வெளிக்காற்றைத் தொடும் அத்திவாரமும் முட்டுகின்றன. அந்த வழியால் சூடு நேராக வெளியே போகும். இதற்கு டெனிஷில் கூல்டபுறோ, அதாவது குளிர்ப்பாலம் என்று பெயர். உங்கள் குசினியின் கழுவுதொட்டியும் கீழ் அலுமாரிகளும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ஈரமும் பூஞ்சணமும்

குளிரை விடப் பெரிய ஆபத்து ஈரம். 20 பாகை அறையில் காற்றின் ஈரப்பதன் 60 வீதம் என்று வைப்போம். அந்தக் காற்று 15 அல்லது 16 பாகை உள்ள ஒரு மூலையைத் தொட்டால், அவ்விடத்தில் ஈரப்பதன் ஏறத்தாழ 80 வீதமாகிவிடும். பூஞ்சணம் முளைக்க அது போதும். எங்கள் குசினிகளில் சோறு வடிப்போம், புட்டு அவிப்போம், இடியப்பம் அவிப்போம். ஒரு பாணும் சீஸும் சாப்பிடும் வீட்டை விட எங்கள் வீட்டுக் காற்றில் நீராவி அதிகம். அலுமாரியின் கீழும் பின்னும் காற்றோட்டம் இல்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும்.

நான் விட்ட பிழை இதுதான். 2007 வசந்தத்தில், அம்மா ஊர் திரும்பிய பிறகு, நானே பழைய கொங்கிரீட்டின் மேல் மெல்லிய நுரைத்தாள் விரித்து லமினேற் பலகை போட்டேன். மலிவு வேலை, இரண்டு வார இறுதியில் முடிந்தது. காலுக்கும் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனால் பழைய கொங்கிரீட்டின் கீழே ஈரத்தடுப்பு இல்லை. மண்ணின் ஈரம் மேலே வந்து பலகையின் அடியில் தங்கியது. 2018 இல் கழுவுதொட்டிக்குக் கீழே மணம் வந்தபோது ஒரு பலகையைக் கழற்றினேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு. மனைவியின் இருமலுக்குக் காரணம் அதுதான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. ஆனாலும் பதினொரு வருடம் அதன் மேல் நின்று அவர் எங்களுக்குச் சமைத்தார் என்ற எண்ணம் எனக்குள் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நிலத்தால் எவ்வளவு சூடு போகிறது என்பதை யூ பெறுமானம் என்ற எண்ணால் அளப்பார்கள். ஒரு சதுர மீற்றரில், ஒரு பாகை வித்தியாசத்துக்கு, எத்தனை வாற்று சூடு வெளியேறுகிறது என்பதே அது. எண் சிறிதானால் நல்லது.

டெனிஷ் முறைப்படி மண்ணின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 10 செ.மீ. கொங்கிரீட் மட்டும் உள்ள நிலத்துக்கு ஏறத்தாழ 0.58 வரும். அதன் கீழே பொலிஸ்ரைரீன் வைத்தால் எண் இப்படி இறங்கும்:

5 செ.மீ. வைத்தால் 0.32
10 செ.மீ. வைத்தால் 0.22
20 செ.மீ. வைத்தால் 0.14
30 செ.மீ. வைத்தால் 0.10

(பொலிஸ்ரைரீன் என்பது ஊரில் நாங்கள் றிஜிபோம் என்றது. டெனிஷ்காரர் பேச்சில் அதை ஃபிளமிங்கோ என்பார்கள். ஆனால் நிலத்துக்கு வைப்பது பாரம் தாங்கும் கடினமான வகை. பெட்டிக்குள் பொருள் பொதி செய்து வருவது அல்ல.)

முதல் 5 செ.மீ. மட்டுமே மொத்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் தருகிறது. 10 செ.மீ. முக்கால் பங்கைத் தருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் தருவது குறைந்துகொண்டே போகிறது.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். குசினி 16 சதுர மீற்றர், மண்ணுக்கும் அறைக்கும் வித்தியாசம் 10 பாகை, வெப்பம் ஓடும் நாட்கள் 240 என்று வைப்போம். 0.58 இலிருந்து 0.10 க்கு இறக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 440 கிலோவாற்று மணி மிச்சம். ஒரு கிலோவாற்று மணி 80 ஓரே என்று கொண்டால் 350 குறோணர். ஓர் ஆண்டுக்கு! நிலத்தை உடைத்து, மண் அகற்றி, காப்பு வைத்து, திரும்பக் கொங்கிரீட் போட 60,000 குறோணர் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால், முதல் திரும்பி வர 170 வருடம் வேண்டும்.

ஆகவே, "நிலத்துக்குக் காப்பு வைத்தால் வெப்பச் செலவு பாதியாகும்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் நிலத்தைப் பணம் மிச்சம் பிடிக்க என்று உடைக்கக் கூடாது.

ஆனால் இதே கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டது, அல்லது பூஞ்சணத்தால் நிலத்தை எப்படியும் திறக்க வேண்டும், அல்லது நிலவெப்பமூட்டல் போடப் போகிறீர்கள் என்று வைப்போம். அப்போது உடைக்கும் செலவும் கொங்கிரீட் போடும் செலவும் ஏற்கெனவே தீர்மானமானவை. காப்பின் செலவாக நீங்கள் எழுத வேண்டியது, கூடுதலாகத் தோண்டும் மண்ணும் கூடுதல் பொலிஸ்ரைரீனும் மட்டுமே. வணிகம் படித்தவர்கள் இதை எல்லைச் செலவு என்போம். அது 8,000 குறோணர் என்றால் 23 வருடத்தில் முதல் திரும்புகிறது. நிலமோ அதை விட நீண்ட காலம் இருக்கும்.

டெனிஷ் கட்டட விதிகளும் இதே மாதிரித்தான் யோசிக்கின்றன. தற்போது நடைமுறையில் உள்ள பி.ஆர்.18 விதிகளின்படி, ஆண்டுச் சேமிப்பை ஆயுட்காலத்தால் பெருக்கி முதலீட்டால் வகுத்தால் 1.33 க்கு மேல் வந்தால் அந்த வேலை இலாபகரமானது. காப்பு வேலைக்கு ஆயுட்காலம் 40 ஆண்டு. மேலே சொன்ன முதல் உதாரணம் 0.23 தருகிறது, தேறாது. இரண்டாவது 1.75 தருகிறது, தேறும். திருத்த வேலையில் மண்மேல் நிலத்துக்கு விதி கேட்கும் யூ பெறுமானம் 0.10. அதாவது ஏறத்தாழ 30 செ.மீ. காப்பு. நிலத்தை முழுமையாக அகற்றிப் புதிதாகப் போட்டால் இலாபக் கணக்குப் பார்க்காமலே இதைப் பின்பற்ற வேண்டும். ஈரச் சேதம் வரும் ஆபத்து இருந்தால் மட்டும் தொழில்நுட்பவியலாளரின் ஆலோசனையுடன் குறைக்கலாம்.

நிலவெப்பமூட்டல் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். அப்போது கொங்கிரீட்டே 25 பாகை வரை சூடாகும். மண்ணுடன் வித்தியாசம் 10 பாகை அல்ல, 15 பாகை. காப்பில்லாமல் போட்டால் அந்தக் குசினியிலிருந்து ஆண்டுக்கு 800 கிலோவாற்று மணிக்கு மேல் மண்ணுக்குள் போகும். 30 செ.மீ. வைத்தால் 140 தான். பழைய கொங்கிரீட்டின் மேல் மெல்லிய வெப்பக் குழாய்த் தட்டுகளை நேரே ஒட்டிவிடலாம் என்று சொல்பவர்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

சில்க்போர்க் வாசகர்களுக்கு இன்னொரு தகவல். எங்கள் நகரில் 2016 இறுதியில் 156,694 சதுர மீற்றர் பரப்பில் சூரிய வெப்ப நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போது உலகிலேயே மிகப் பெரியது. நகரின் ஆண்டு வெப்பத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை ஈடுசெய்யும் நோக்கில் கட்டப்பட்டது. இத்தகைய வெப்ப வலையமைப்பு குறைந்த வெப்பநிலை நீரில் சிறப்பாக இயங்கும். நிலவெப்பமூட்டலும் குறைந்த வெப்பநிலையில் இயங்குவதால் இரண்டும் பொருந்தும். வீட்டிலிருந்து திரும்பிப் போகும் நீர் நன்றாகக் குளிர்ந்திருந்தால் கட்டணத்தில் சலுகை தரும் நிறுவனங்களும் டென்மார்க்கில் பல உண்டு. உங்கள் பற்றுச்சீட்டைப் பாருங்கள்.

உடைக்க முன்

முதலில், அஸ்பெஸ்ரோஸ். 1990 க்கு முந்திய வீடுகளில் பழைய வினைல் விரிப்பிலும் அதன் பசையிலும் ரைல்ஸ் பசையிலும் அது இருக்கலாம். ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதிக்காமல் உடைக்காதீர்கள். இருந்தால் அகற்றுவது உங்கள் வேலை அல்ல. அதற்கெனத் தகுதி பெற்றவர்களின் வேலை.

அடுத்து, அத்திவாரத்தின் ஆழம். டென்மார்க்கில் வெளி அத்திவாரம் உறைபனி எட்டாத 90 செ.மீ. ஆழத்துக்குப் போக வேண்டும். ஆனால் உட்சுவர்களின் அத்திவாரம் மிகவும் மேலோட்டமாக இருக்கலாம். அதன் அடி மட்டத்துக்குக் கீழே தோண்டினால் சுவர் வெடிக்கும், இறங்கும். தோண்ட முன் ஒரு சிறு குழி வெட்டி ஆழம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குழாய்கள். அக்காலத்தில் தண்ணீர், வெப்பக் குழாய்களைக் கொங்கிரீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். இரும்புக் குழாய் என்றால் துரு அரித்திருக்கும். நிலம் திறந்திருக்கும்போதே மாற்றுங்கள். தண்ணீர், கழிவுநீர், மின்சார வேலைகளை அதிகாரம் பெற்ற நிறுவனங்களே செய்ய வேண்டும் என்பது சட்டம்.

நான்காவது, பாரம். 16 சதுர மீற்றரில் 10 செ.மீ. கொங்கிரீட் என்றால் ஏறத்தாழ 3.7 தொன். 40 செ.மீ. மண் என்றால் 11 தொன் வரை. இதைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோக வேண்டும். நண்பர்களைக் கூட்டி ஒரு சனிக்கிழமையில் முடிக்கும் வேலை அல்ல.

நிலவறை உள்ள வீடு என்றால் இந்த உடைப்பு ஒன்றும் தேவையில்லை. நிலவறைக் கூரையின் அடிப்பக்கத்தில் காப்பு வைக்கலாம். மிகவும் மலிவு.

வேலையின் ஒழுங்கு

பழைய கொங்கிரீட்டையும் மண்ணையும் அகற்றிய பின் மணல் போட்டு மட்டமாக்கி நன்றாக இறுக்க வேண்டும். அதன் மேல் கடினப் பொலிஸ்ரைரீன் தட்டுகளை இரண்டு அல்லது மூன்று அடுக்காக வைப்பார்கள். ஓர் அடுக்கின் பொருத்துகள் அடுத்த அடுக்கின் பொருத்துகளுக்கு நேரே வரக் கூடாது. மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் வேலையையும் இந்தத் தட்டுகளே செய்கின்றன.

அத்திவாரத்தின் உட்பக்கம் முழுவதும் ஓரக் காப்பு நிற்க வேண்டும். இதை மறந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் குளிர்ப்பாலம் அப்படியே இருக்கும். விலைக்கோரலில் "கந்த்இசொலேறிங்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

றேடன் என்பது மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சுள்ள வாயு. மணமோ நிறமோ இல்லாதது. நீண்ட காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். புதிய வீடுகளில் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 100 பெக்கரல் என்பதே உச்ச வரம்பு. நிலம் திறந்திருக்கும்போது றேடன் தடுப்பு விரிப்பைப் போட்டு, சுவரோரமும் குழாய் வரும் இடங்களும் காற்றுப் புகாமல் மூடுவதற்குச் செலவு சிறிது. பிறகு செய்வது கடினம்.

பின்பு கம்பி வலை, வேண்டுமானால் வெப்பக் குழாய்கள், குழாய்களில் அழுத்தச் சோதனை, அதன் பின் 10 செ.மீ. கொங்கிரீட்.

இனிப் பொறுமை. புதுக் கொங்கிரீட்டில் தண்ணீர் இருக்கிறது. பலகையோ வினைலோ போடுவதற்கு முன் கொங்கிரீட்டுக்குள் ஈரப்பதன் பொதுவாக 85 வீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் செல்லலாம். மேற்பரப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரிவது அடையாளம் அல்ல. துளையிட்டு அளந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள். புதுக் குசினி அலுமாரிகளுக்கு நாள் குறிப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முன்கூட்டியே நாள் குறித்து, அலுமாரிப் பெட்டிகளை ஏழு வாரம் வரவேற்பறையில் அடுக்கி வைத்து, அவற்றின் நடுவே சாப்பிட்டோம். வேலையைச் சித்திரை வைகாசியில் தொடங்கினால் வெளியே அடுப்பு வைத்தாவது சமாளிக்கலாம்.

உடைக்க முடியாதவர்களுக்கு

பழைய கொங்கிரீட்டின் மேல் காப்பு வைப்பதும் ஒரு வழி. 5 செ.மீ. வைத்தாலே பாதிச் சேமிப்பு என்று பார்த்தோம். ஆனால் நிலம் உயரும். கதவின் அடியை வெட்ட வேண்டும். பக்கத்து அறைக்குப் படி வரும், வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

அதை விட முக்கியம் ஈரம். மேலே காப்பு வைத்தால் கீழுள்ள பழைய கொங்கிரீட் முன்னரை விடக் குளிராகும். அதன் மேல் முதலில் ஈரத்தடுப்பு விரிப்பு வரவேண்டும், ஓரங்கள் ஒட்டப்பட வேண்டும். அந்த விரிப்புக்குக் கீழே பலகை, பழைய விரிப்பு, பசை, தூசி என்று உக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நான் 2007 இல் விட்டது இந்த விரிப்பைத்தான்.

ஒன்றுமே செய்ய முடியாத நிலை என்றால், நிற்கும் இடத்தில் கோர்க் அல்லது தடித்த விரிப்பு, அலுமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே காற்று போக இடைவெளி, சமைக்கும்போது உறிஞ்சியை ஓட விடுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை யன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுவது. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

ஒப்பந்தமும் பணமும்

மூன்று நிறுவனங்களிடமாவது எழுத்தில் விலைக்கோரல் எடுங்கள். 25 வீத மொம்ஸ் வரி அதில் அடங்குமா என்று கேளுங்கள். நுகர்வோருக்கென ஏபி ஃபோர்புறூர் என்ற பொது ஒப்பந்த விதிகள் உள்ளன. அவற்றின்படி வேலை செய்வதாக எழுதி வாங்குங்கள். வேலை முடிய முன் முழுப்பணமும் கொடுக்காதீர்கள்.

பற்றுச்சீட்டில்லாமல் காசாகக் கொடுத்தால் குறைத்துச் செய்யலாம் என்று சொல்பவர்கள் எங்கள் ஆட்களுக்குள்ளும் உண்டு. கொங்கிரீட் மூடிய பின் கீழே 30 செ.மீ. இருக்கிறதா, 10 செ.மீ. இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பற்றுச்சீட்டு இல்லாதவன் முறையிட இடமில்லை. வீட்டு வேலைகளுக்கான வரிக்கழிவு டென்மார்க்கில் வந்தும் போயும் இருக்கிறது. 2022 இல் கைவினை வேலைகளுக்கான கழிவு நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். ஆகவே ஒப்பமிடும் ஆண்டில் என்ன நடைமுறை என்பதை வரித் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள். கழிவு இருந்தால் அது வேலைக்கூலிக்குத்தான், பொருளுக்கல்ல. பணமும் வங்கி வழியாகச் செலுத்தியிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு காலம் திறக்கவில்லை?

1980களின் நடுப்பகுதியிலிருந்து நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். 1987 இல் நீதியமைச்சர் எறிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். அந்த விவகாரத்தால் 1993 தை மாதத்தில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995 இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டுகளில் மனைவி பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர்கள் வாடகை வீட்டில் பெட்டியைப் பிரிக்காமலே இருந்தார்கள். பிறகு வீடு வாங்கியபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. "எப்படியும் போகப்போறம்தானே" என்று சொல்லிச் சொல்லி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் திருத்தினோம். சுவருக்கு நிறம் அடித்தோம், புதிய திரைச்சீலை போட்டோம். நிலத்தைத் தொடவில்லை. நிலத்தை உடைப்பவன் இங்கேயே இருக்கப் போகிறவன்.

நான் அந்த முடிவை எடுக்க 17 வருடம் சென்றது. அந்தக் காலத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூஞ்சணம் பிடித்த பலகையும் அலுமாரியும், இரண்டு தடவை செய்த வேலையும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. அம்மா பலகை போட்டு இருந்து தேங்காய் திருவியிருக்கக்கூடிய மூன்று மாதத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. கொங்கிரீட் ஊற்ற முன் காப்பு அடுக்குகளைப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, நான்கு மூலையிலும் எடுங்கள். குழாய்கள் எங்கே போகின்றன என்று சுவரிலிருந்து அளந்து தாளில் வரையுங்கள். ஆய்வுகூட அறிக்கை, ஈரம் அளந்த எண், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்றால் வாங்குபவருக்குக் காட்டலாம். விற்காவிட்டால், நிலத்துக்குக் கீழே என்ன கிடக்கு என்று பிள்ளைகள் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுக்கலாம்.